முடியாத நேற்று

மார்ச் 4, செவ்வாய்.

டிஎன்ஏ இழைகளை மடித்து உருவங்கள் செய்யும் பயிற்சி முகாமுக்கு எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒருவருக்குத்தான் இடம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நேற்று. காய்ச்சலில் கிடந்த என் ஜூனியர் எஸ்தர் இன்று காலை ஆனையூரிலிருந்து ஓடி வந்தாள்.

“முடிஞ்சு போச்சாக்கா?”

“நேத்தோட சரி.”

பூமியில் எந்த மூலையிலாவது நேற்று மிச்சமிருக்கும்வரை அனுப்பலாம் என்று அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. நம் நேரப்படி அது இன்று மாலை ஐந்தரை மணி வரை. நான் சொல்லவில்லை.

செமினாருக்கென்று பொய் சொல்லி இழை மடிப்புக்கு ஒரு படம் கேட்டேன். மத்தியானம் முழுக்க இருமிக்கொண்டே வரைந்து கொடுத்தாள். ஐந்து மணிக்கு அதை என் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பினேன்.

கிளம்பும்போது, “படம் நல்லா வந்திருக்காக்கா?” என்றாள்.

“சுமார்தான்” என்றேன்.