டிரம்பெட்காரனின் முன்பல்

ஜூலை 3, வியாழன்

கிளப்பில் வழக்கமான லத்தீன் நடன இசை நாள். இரண்டாவது பாட்டில் உச்ச சுரத்தைப் பிடிக்கப் போனேன், முன்பல் நகர்ந்தது. நகர்ந்தேவிட்டது! சுரத்துக்குப் பதில் வெறும் காற்று. ஆடிக்கொண்டிருந்த கூட்டம் கவனிக்கவில்லை. பியானோவிலிருந்து ராகவேந்திரா மட்டும் திரும்பிப் பார்த்தார். எங்கள் பேண்டுக்குத் தலைவர் அவர். சிரித்து மழுப்பினேன். நாற்பத்தேழு வயதில் எனக்கு ஏன் இந்தக் கூத்து?

ஜூலை 5

எமிக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் முறுக்கு வைத்தாள், வேண்டாம் என்றேன். பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் அதை நம்புவாளா?

"ஏன் வேணாம்? வாயத் திறங்க. ஐயோ, ஆடுது பாருங்க! இத மறைச்சு என்ன மெடலா வாங்கப் போறீங்க?"

திட்டிவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பல் போனால் சோற்றைப் பிசைந்து தின்னலாம், டிரம்பெட்டை எதை வைத்து ஊதுவது? பகலில் திருமுல்கேரியில் ஒரு பள்ளிக்கூட கிளார்க். அது பிழைப்பு. வியாழக்கிழமை மேடையில் நிற்கிறவன்தான் நான்.

ஜூலை 8

ஹப்சிகுடாவில் பல் டாக்டர் ஜுலைகா. மேலப்பாளையத்துக்காரர், இந்தத் தெலுங்கு ஊரில் தமிழ் பேசுகிறவர்.

"வேர் போயிட்டுண்ணே. எடுத்துதான் ஆகணும்."

கட்டுகிற பல் ஒரு நூல் தடித்தாலும் உதடு ஏமாந்துவிடும் என்றேன். புதுசு அதே அளவில் வர, எடுப்பதற்கு முன்பே பழைய பல்லுக்கு அச்சு எடுத்து வைத்துக்கொண்டார். எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூலை 9

பல் போயிற்று. ராகவேந்திராவிடம் வைரல் காய்ச்சல் என்று புளுகினேன்.

ஜூலை 17, வியாழன்

வீட்டில் கிடந்தேன். என் இடத்தில் இன்று வேறு யாரோ. நன்றாக ஊதித் தொலைத்திருப்பானோ?

ராகவேந்திராவின் மெசேஜ்: 31-ஆம் தேதி கியூபாவிலிருந்து பாடகி வருகிறார், வர முடியாதென்றால் இப்போதே சொல்லுங்கள், வேறு ஆளை நிரந்தரமாகப் போட்டுவிடுகிறேன்.

நிரந்தரமாக! ஒன்பது வருடமாக ஊதுகிறேன் ஐயா. வருகிறேன் என்று எழுதிவிட்டேன். எந்தத் தைரியத்தில்?

ஜூலை 22

இன்று புதுப் பல். "டிரம்பெட்டையும் கொண்டாங்க" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து ஊதினேன். காற்று. பல்லைக் கழற்றி முன்பக்கத்தை லேசாகத் தேய்த்தார். மாட்டி ஊதினேன், கீச் என்றது. மறுபடி தேய்த்தார். மறுபடி கீச். வெளியே காத்திருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "ஷாதி ஹை க்யா?" என்றார். கல்யாணமில்லை ஐயா, என் கருமாதி என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆறு தடவை தேய்த்தாயிற்று. கூட வந்த எமி கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

ஏழாவது தடவை — வந்தது. உச்ச சுரம், முழுசாக, பிசிறில்லாமல்.

அப்பாடா! எமி என்னைக் கட்டிக்கொண்டாள், டாக்டர் முன்னாலேயே.

"போதும்ணே," டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். "வந்த பேஷண்ட்டுவ எல்லாம் ஓடிருவாவ."

ஜூலை 31, வியாழன்

ரிகர்சலில் ராகவேந்திராவிடம் பல் கதையைச் சொன்னேன். முறைத்தார், ஆனால் என் இடத்தில் என்னைத்தான் நிறுத்தினார்.

ராத்திரி மேடையில், கியூபா பாடகியின் மூன்றாவது பாட்டில் பியானோவிலிருந்து என் பக்கம் சாய்ந்து, "ஜெர்சன் காரு, சத்தத்தைக் குறைங்க, அந்தம்மா பாடறதே கேக்கல" என்று தெலுங்கில் கடிந்துகொண்டார்.

சாரி என்றேன். குறைக்கவில்லை.