ஒன்றும் சொல்லாத கருப்பு ஜன்னல்

மே 4, திங்கள்

பல் டாக்டர் வீட்டு மாடியில் பெயிண்டுக்கு முன் சுவருக்குப் பட்டி பார்த்து முடித்தோம். ஏணி மேல் நிற்கும்போது மகள் போன் செய்தாள். பதினைந்தாம் தேதி பரீட்சை முடிகிறதாம், பத்து நாள் லீவு. ஆனால் அந்தப் பத்து நாளில் கடைசி வருட புராஜெக்டை முடித்தாக வேண்டும். அவளுடைய லேப்டாப் மண்டையைப் போட்டுவிட்டது.

“நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல என் வேலை ஓடாதுப்பா. மாமா வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஓடும், நான் அங்கயே போயிடறேன். நடுவுல ஒருநாள் வந்து உங்களப் பாத்துட்டுப் போறேன்.”

ஒருநாள்! பெற்ற மகள், ஜவுளிக்கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிற தூரத்துச் சொந்தம் மாதிரி.

ஏன் ஓடாது என்று கேட்டேன். காலேஜில் யூனிக்ஸ் என்ற ஒன்றில் வேலை செய்கிறார்களாம். நம்முடையது விண்டோஸ். அதற்குள்ளேயே யூனிக்ஸ் மாதிரி ஒரு கருப்பு ஜன்னலை வைக்க முடியுமாம். அதில் படம் கிடையாது, மௌஸால் தொட்டு ஆவது ஒன்றுமில்லை. எது வேண்டுமோ எழுதித்தான் கேட்க வேண்டும்.

“அவ்வளவுதானே? நான் வெச்சுத் தரேன். நீ நேரா வீட்டுக்கு வா.”

“நீங்களாப்பா?” என்றாள்.

நானேதான். என் வாய் எப்போதும் என்னைவிட இரண்டு படி மேலே நிற்கும்.

மே 5, செவ்வாய்

மகள் அறையிலிருந்து பெயிண்ட் டப்பாக்களை வெளியேற்றினேன். பின்னால் கம்ப்யூட்டர் இருந்தது, உயிரோடு.

மகள் போனில் வழிமுறை எழுதி அனுப்பியிருந்தாள். முதலில் ஒரு ஃபைலை இறக்கி இரண்டு முறை தட்டினால் மற்றதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றாள். அது பாதி வரை வந்து, இந்த மிஷினில் என்னால் ஆகாது என்று கையை விரித்துவிட்டது. மகளிடம் சொன்னேன்.

“ரொம்பப் பழசுப்பா அது. கையாலதான் ஒவ்வொண்ணா வெக்கணும். வேணாம் விடுங்க.”

கையால் வேலை செய்வதில் எனக்கென்ன வெட்கம்? ஆயுசு முழுக்க அதுதானே?

சாயங்காலம் மச்சான் வந்தார், என் மனைவியின் அண்ணன். செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. “மாப்ளே, செவுத்துல நீ எதப் பூசினாலும் அது வாயத் தொறக்காது. கம்ப்யூட்டர் அப்படியா? புள்ளைக்கு மாடி ரூம ஒழிச்சு, புது மெத்தையே வாங்கிப் போட்டாச்சு. நீ ஏன் கஷ்டப்படறே?”

நல்ல மனிதர்தான். அதுதான் தொல்லை. திட்டவும் முடியவில்லை.

மே 6, புதன்

மூட்டை மாதிரி கட்டிய ஒரு ஃபைலை இறக்கி, பிரித்து, ஒரு ஃபோல்டரில் போட வேண்டும். போட்டேன். ஃபோல்டருக்கு ஆசையாகத் தமிழிலேயே “பாப்பா வேலை” என்று பெயரும் வைத்தேன். கருப்பு ஜன்னல் திறந்தது, இங்கிலீஷில் நாலு வரி திட்டியது, மூடிக்கொண்டது.

“பேர்ல இடைவெளி விடக் கூடாதுப்பா. இங்கிலீஷ் எழுத்துலதான் இருக்கணும். சி டிரைவ்ல நேரா வைங்க.”

pappavelai. இப்போது திறந்து நிற்கிறது. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்தபோதுகூட இத்தனை நிபந்தனை இல்லை.

மே 7, வியாழன்

மூன்றாவது பாத்ரூமுக்கு என்ன கலர் என்று டாக்டரம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. கம்ப்யூட்டர் பக்கமே போக முடியவில்லை.

மே 8, வெள்ளி

இன்று ஒரு கட்டளை அடித்தேன். ஏதோ பெரிதாக இறக்கப் போவதாகச் சொன்னது. பிறகு அப்படியே நின்றது. ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. காயட்டும் என்று விட்டேன். அவசரப்பட்டுத் தொட்டால் விரல் தடம் விழும், அனுபவம். குளித்தேன், சாப்பிட்டேன், டாக்டர் வீட்டுக்குப் போய் ஒரு சுவரை முடித்துவிட்டு வந்தேன். அதே கோடு, அதே மினுக்கல்.

மகள் சொன்னாள்: “கடைசி வரியப் படிச்சீங்களா? ஆமாவா இல்லையான்னு கேட்டுட்டு நிக்குது. ஒய் தட்டுங்க.”

அது என் பதிலுக்குக் காத்திருக்க, நான் அதன் பதிலுக்குக் காத்திருக்க. இதை மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “நமக்கு இது பழக்கம்தானே” என்றாள்.

மே 9, சனி

கருப்பு ஜன்னல் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் படிக்கிற ஒரு ஃபைல் உண்டாம். அதில் ஒரு வரி சேர்த்துப் பழகச் சொல்லியிருந்தாள். “ஏதாவது வணக்கம் மாதிரி எழுதுங்க, திறக்கும்போது வருதான்னு பாக்கலாம்.” நான் “வா பாப்பா” என்று இங்கிலீஷ் எழுத்தில் வரும்படி எழுதி என்டர் தட்டினேன்.

ஒன்றுமே நடக்கவில்லை. சரி என்றோ தப்பு என்றோ ஒரு வார்த்தை? வெறும் கோடு. ஒரு பூச்சில் பிடிக்காத சுவர் எத்தனை பார்த்திருக்கிறேன்! அதையே இன்னொரு பூச்சு அடித்தேன். மௌனம். இன்னும் ஒன்று. கோபத்தில் மேலும் சில.

மே 10, ஞாயிறு

காலையில் ஜன்னலைத் திறந்தேன். “வா பாப்பா, வா பாப்பா, வா பாப்பா” — திரை முழுக்க வரிசையாக இறங்கியது, பஸ் ஸ்டாண்டில் ஆள் பிடிக்கிற மாதிரி.

போனில் சொன்னதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ரொம்ப நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. “நீங்க தட்டின ஒவ்வொரு தடவையும் ஒரு வரி சேந்திருக்கு. அது அப்படித்தாம்பா. நல்லா முடிஞ்சா ஒண்ணும் சொல்லாது. ஏதாவது தப்பானாத்தான் பேசும். மிச்ச வரியெல்லாம் அப்புறமா அழிச்சுடுங்க, எனக்குப் படிக்கணும்.”

ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் சரி! இந்த வீட்டில் நான் கற்றது நேர் எதிர். மனைவி ஒன்றும் சொல்லவில்லை என்றால் நான் மாடிக்குப் போய்விடுவேன்.

மே 12, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு — இல்லை, போகவில்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

மிச்சமிருந்தது ஒரே வேலை. கருப்பு ஜன்னலின் கருவிகள் இருக்கும் இடத்தை விண்டோஸுக்குச் சொல்ல வேண்டும். எது எங்கே கிடைக்கும் என்று விண்டோஸ் பார்த்துக்கொள்கிற ஒரு வரி இருக்கிறது, பாத் என்று பெயர். அதில் நம் ஃபோல்டரைச் சேர்க்க வேண்டும். முதலில் விண்டோஸுக்கே சொந்தமான இன்னொரு கருப்பு ஜன்னலைத் திறந்து, நம் கருவிகள் எதுவும் அதற்கு இன்னும் தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு அந்த வரியைத் திறந்தேன். ஐயோ, என்ன ஒரு வரி! நீளமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, எவன் எவனோ எப்போதோ பூசிவிட்டுப் போனது. பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன்மேல் அடிக்கிற ஆள் நானில்லை. அது என் தொழிலுக்கே அவமானம். மொத்தத்தையும் சுரண்டி அழித்துவிட்டு, நம் ஃபோல்டரை மட்டும் பளிச்சென்று எழுதினேன். சரி என்று தட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் சரிதானே?

டீ போட்டுக் குடித்தேன். வெற்றி டீ.

அப்போது மனைவி எம்பிராய்டரி வேலைக்காக வந்து உட்கார்ந்தாள். பெயிண்ட் டப்பாக்கள் வெளியேறியதிலிருந்து பூ டிசைன் எல்லாம் மறுபடி இந்தக் கம்ப்யூட்டரில்தான் போடுகிறாள். “என்னங்க, எதையோ காணோங்குது. என் பூவெல்லாம் எங்க?”

உடனே மகளைப் போனில் கூப்பிட்டேன்.

“பாப்பா, அந்த வரிய சுத்தமா சுரண்டிட்டு எழுதினேன்...”

“சுரண்டினீங்களா? அப்பா! சேக்கத்தான சொன்னேன்!”

“பழசு மேல எப்படிம்மா—”

“அது செவுரு இல்லப்பா!” அவள் குரல் தளர்ந்துவிட்டது. “விடுங்க. இனி நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நான் மாமா வீட்டுக்கே போறேன்.”

இங்கே மனைவி, “ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் சரியாயிடும்” என்று சுவிட்சில் கை வைத்துவிட்டாள். அதே நேரம் போனில் மகள், “இருங்க, இருங்க. அந்த வரிய மாத்தறதுக்கு முன்னாடி திறந்த ஜன்னல் ஏதாவது மூடாம இருக்கா? அதுக்குப் பழைய வரி இன்னும் ஞாபகம் இருக்கும்!”

“கைய எடு!” என்று நான் போட்ட சத்தத்தில் மனைவி நிஜமாகவே கையை எடுத்துவிட்டாள். கல்யாணமான நாளாக இப்படி நடந்ததில்லை.

இருந்தது. அந்த முதல் ஜன்னல், மற்றவற்றுக்கு அடியில், திறந்தபடியே. டப்பாவைத் திறந்தா மூடுறது கிடையாது, கதவைத் திறந்தா மூடுறது கிடையாது என்று இவள் காலமெல்லாம் பாடுகிற பாட்டுக்குக் காரணமான அதே நான்தான் அதையும் மூடாமல் விட்டிருக்கிறேன். மகள் சொன்ன கட்டளையை அடித்தேன். பழைய வரி முழுசாக வந்து விழுந்தது. அதை எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டி, கடைசியில் நம் ஃபோல்டரைச் சேர்த்தேன். சேர்த்தேன், சுரண்டவில்லை.

பூக்கள் திரும்பி வந்தன. மனைவி ஒரு மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. இது எந்த வகை மௌனம் என்று தெரியாததால் மாடிக்குப் போய்விட்டேன்.

மகள் எங்கே வரப் போகிறாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மே 14, வியாழன்

உபரியான “வா பாப்பா”க்களை அழிக்கலாம் என்று அந்த ஃபைலைத் திறந்தேன். அப்படியே மூடிவிட்டேன். சுரண்டுகிற வேலையை இனி சுவரோடு வைத்துக்கொள்வது.

மே 16, சனி

வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் மச்சானும் நின்றிருந்தார், காரோடு. “மாப்ளே, புள்ள பைய எந்த வண்டில வெக்கறது?” என்றார். இருவரும் அவளைப் பார்த்தோம்.

“முதல்ல அப்பா வெச்சத ஓட்டிப் பாக்கறேன் மாமா. ஓடலன்னா சாயங்காலம் வரேன்.”

பை என் ஸ்கூட்டரில். ஆனால் பிரிக்கவில்லை, அப்படியே அறை வாசலில் வைத்தாள். உட்கார்ந்தாள். ஜன்னலைத் திறந்தாள். “வா பாப்பா” வரிசையாக இறங்கியது.

“இத ஏம்பா இன்னும் அழிக்கல?”

“சுரண்ட பயமா இருந்துச்சு.”

உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தன் புராஜெக்டை ஏற்றி என்னென்னவோ அடித்தாள். நான் கதவருகில் நின்றேன். மனைவி எனக்குப் பின்னால். மகள் கடைசியாக ஒன்றைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லலப்பா.”

நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

மே 18, திங்கள்

பையைக் காலி செய்து பரண்மேல் போட்டிருக்கிறாள். டாக்டர் வீட்டுக்குக் கிளம்பும்போது மச்சான் போன்: “புது மெத்தைல நான்தான் படுத்துக் கெடக்கேன் மாப்ளே.”

அந்த உபரி “வா பாப்பா” வரிகளை அழிக்க மகளுக்கு அரை நிமிஷம் ஆகாது. இன்று காலை அவள் ஜன்னலைத் திறக்கும்போது பின்னால் நின்று பார்த்தேன். எல்லாம் அப்படியே இருக்கின்றன.