முதல் பக்கத்தில் யார் பேசுவது?

என் செல்ல அக்கா,

உன் புத்தகம் ஒருவழியாக அச்சுக்குப் போகிறது. உடனே சந்தோஷப்பட்டுவிடாதே, இங்கே உன் தங்கை மண்டையைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் தாங்களே எழுதிய வாழ்க்கைக் கதைகளை எட்டு வருஷம் உட்கார்ந்து தமிழாக்கினாய். நீ கண்மூடிய பிறகுதான் கிள்ளான் வீட்டில் அவற்றை முழுதாகப் படித்தேன். அழுது புலம்புவார்கள் என்று நினைத்தேன். இல்லையே! ஒருவன் தன் தாய் ஏலத்தில் விற்கப்பட்ட நாளை நான்கு வரியில் முடித்துவிட்டு, திருட்டுத்தனமாக எழுத்துக் கற்றதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறான். தப்பித்த வழியை மட்டும் சொல்ல மறுக்கிறான். பின்னால் வருகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களாம். ஒருத்தி எஜமானின் அறைவாசல் வரைக்கும் எழுதிவிட்டு, இதற்குமேல் கேட்காதீர்கள் என்று நிறுத்திவிடுகிறாள்.

மூலத்தின் முன்பக்கங்களில் வெள்ளைக்காரர்களின் கடிதங்கள் இருந்தன. இவன் நல்லவன், இதை இவனே எழுதினான், நாங்கள் சாட்சி என்று. அவை இல்லாவிட்டால் அன்றைக்கு யாரும் நம்பமாட்டார்களாம். நீ அவற்றையும் மொழிபெயர்த்துவிட்டு, சிவப்பு மையால் அடித்திருந்தாய். ஏன் அக்கா? கோபமா, வெட்கமா?

இப்போது பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்துக்காரர் சொல்கிறார்: "முதல் பக்கத்துல டத்தோ வாழ்த்துரை போட்டாத்தான் வெளியீட்டு விழாவுக்கு ஹால் நெறயும் லா. இல்லன்னா புக்கெல்லாம் பெட்டியிலயே கெடக்கும்மா."

அரசாங்கம் கொடுத்த டத்தோ பட்டத்தோடு வலம்வரும் அந்தப் பெரிய மனிதரின் வாழ்த்துரையும் வந்துவிட்டது. மறைந்த அம்மையார் பண்பானவர், இதைத் தாமே மொழிபெயர்த்தார் என்று நான் உறுதி கூறுகிறேன் என எழுதியிருக்கிறார். அட கடவுளே! முதலில் சிரித்தேன், பிறகு அந்தத் தாளைக் கசக்கப் போனேன். உன்னை அவர் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

போட்டால் உனக்குத் துரோகம். போடாவிட்டால் உன்னை யார் படிப்பார்கள்? நம்மை யாரும் ஏலம் விடவில்லையே, அவர்களோடு எப்படி ஒப்பிடுவாய் என்று நீ திட்டுவாய். திட்டு, ஆனால் ஒரு வழியும் சொல்லேன். அவர்களும் இதே குழப்பத்தோடுதான் அந்தக் கடிதங்களை விட்டுவைத்தார்களோ?

நேற்று அச்சகத்துக்காரருக்குப் போன் செய்துவிட்டேன். "அங்கிள், டத்தோ லெட்டர் கடைசிப் பக்கத்துல வரட்டும். அதுக்குப் பக்கத்துலயே அக்கா சிவப்பு மையில அடிச்ச அந்த வெள்ளக்காரங்க லெட்டரும் போடுங்க."

"டத்தோ கோவிச்சுக்குவாரும்மா."

கோபித்துக்கொள்ளட்டும். நீ கோபித்துக்கொள்வாயா? அதுதான் எனக்கு இன்னமும் தெரியவில்லை.

ஹால் காலியாகவே இருக்கட்டும் அக்கா, ஒரு பிரதியும் பெட்டியில் கிடக்காது. தூரத்து ஊரான ரவாங் வரைக்கும் நானே பையில் சுமந்துபோய்க் கொடுப்பேன், இது சத்தியம். "உங்க அக்காவேதான் எழுதினாங்களா?" என்று யாராவது கேட்டால், உன் தமிழ் தொடங்கும் முதல் பக்கத்தைத் திறந்து நீட்டுவேன்.

உன்னிடம் சாட்சி கேட்காத தங்கை,
தேவி