பெட்டியில் வந்த கறிவேப்பிலை

விமான நிலையத்தில் நீ பொய் சொன்னாய். செடியோ விதையோ இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலைக் கன்றைப் புடவைகளுக்கு நடுவே வைத்து அமெரிக்காவில் இருக்கும் இந்த டப்ளின் வரை கொண்டு வந்தாய். அழைத்துப் போக வந்த நானும் சிரித்தேன்.

இதை எழுதும்போது விரல்களில் அதன் வாசனை. தாளிக்க ஒடிக்கவில்லை. தளிரின் அடியில் வாலைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பூச்சிகள். விவசாயத் துறைக்கு போன் செய்தேன். வந்த அதிகாரியிடம் ஒரு கொத்தை ஒடித்துக் கொடுத்தேன்.

ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த மூன்று வருடமும் வெள்ளைக்காரர்கள் இங்கே வந்திறங்கிய அந்தப் பழைய கப்பல்களை நீ திட்டினாய். அம்மையைக் கொண்டுவந்து ஊர் ஊராகக் கொன்றார்கள், இந்த மலைகளின் புல்கூட அவர்கள் கொண்டுவந்ததுதான் என்பாய். சோறு ஆறிவிடும். நீ மட்டும் என்ன செய்தாய் என்று கேட்டால், "இந்த மண்ணு நமக்கு மிளகாய் கொடுத்துச்சு, தக்காளி கொடுத்துச்சு. பதிலுக்கு ஒரு கறிவேப்பிலைகூடத் தரக்கூடாதாடி?" என்பாய்.

பக்கத்து வீட்டு மானுவேலின் முன்னோர் இந்த மண்ணின் பழங்குடிகள். அம்மைக்குத் தப்பியவர்கள் சிலர்தான் என்று அவர் சொன்னபோது நீ அழுதாய். அவருடைய ஆரஞ்சு மரம் நம் வேலியை ஒட்டி நிற்கிறது. ஆரஞ்சும் கப்பலில் வந்ததுதான். அதற்காக அதைக் கொல்லும் உரிமை நமக்கு வந்துவிடாது. கறிவேப்பிலையிலிருந்து இந்தப் பூச்சி ஆரஞ்சுக்குப் பரப்பும் நோய்க்கு மருந்து இல்லை. வந்தால் மரத்தை வெட்டத்தான் வேண்டும்.

இந்தச் செடியிலிருந்து கன்றுகள் வேறு எங்கே போயின என்று அதிகாரி கேட்டார். வசந்தம் வந்தால் பக்கக் கன்றுகளைக் காகிதக் கோப்பைகளில் வைத்துக் கோயிலுக்கு எடுத்துப் போவாய். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பாய்.

நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். எல்லாரும் பார்த்தார்கள், யாரும் எழுதவில்லை. ஒரு ஆன்ட்டி மட்டும் கூப்பிட்டார். "எங்க வீட்ல செடியே கிடையாதும்மா. கிரீன் கார்ட் வேற பெண்டிங். நீ எதுக்கு கவர்மென்ட்டை உள்ள இழுக்கற?" போன மாதம்தான் அவர் வீட்டுத் தொட்டியில் அதைப் பார்த்தேன்.

அந்தக் கப்பல்களில் எல்லாருமா வாளோடு வந்திருப்பார்கள்? ஊர் ருசிக்காக விதையை முடிந்துகொண்டு வந்தவர்களும், கேட்டால் தெரியாது என்றவர்களும் இருந்திருப்பார்கள்.

நீ வேறு ஊருக்குப் போய் எட்டு மாதம். எனக்கென்று நீ விட்டுப்போனது இந்தப் பயம்தான். ஜன்னல் வழியே பார்க்கிறேன், மானுவேல் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார்.

எந்தெந்த வீட்டுக்குக் கன்று கொடுத்தாய்? பெயர்களைச் சொல்லு.