மூன்று மணிக்கு வரும் என்றார்கள்

அப்பா,

இன்று காலை மாடிப்படியைக் கழுவிவிட்டிருந்தார்கள். பினாயில் வாசனைக்குள் இறங்கி வந்தவள், இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டேன். நீ கடைசியாக உட்கார்ந்த படி அது.

அன்று காலை பட்டாபிராமில் லேசாகத்தான் ஆடியது. கூட்ஸ் வண்டி போகிறது என்று நான் நினைத்தேன். நில அதிர்வு நிலையத்தில் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன் நீ; உனக்குத் தெரிந்துவிட்டது. சில நிமிடங்களில் அரசின் அறிவிப்பு வந்தது: கடலுக்கடியில், வெகு தொலைவில், பயமில்லை.

"பாத்தியா, அத்தினி ஸ்டேஷனும் சேந்து சொல்லுது. எங்க ஆடுச்சின்னு தெரிஞ்சாதான் எந்த ஊருக்கு ஆள் அனுப்பறது, எந்தப் பாலத்துல ரயில நிறுத்தறதுன்னு தெரியும்" என்றாய். இதய அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டாம் நாள். மார்பில் கையை வைத்துக்கொண்டுதான் பேசினாய். ஆனாலும் குரலில் பெருமை இருந்தது.

மதியம் என் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. சரியாக மூன்று மணிக்குப் பெரியது வரும், எல்லோரும் வெளியேறுங்கள். இத்தனை புத்தகம் படிக்கிறவள், இதை எழுதியது யார் என்று கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினாள். "இன்னாம்மா, ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நீ உள்ள குந்திகினு கீற? அப்பாவ இட்டுகினு வா."

நீ அசையவில்லை. "வந்தத சொல்லத்தாம்மா அந்த மிஷினு. வரப்போறத எவனாலயும் சொல்ல முடியாது. மூணு மணியாம். டைம் போட்டு வர்றதுக்கு இது இன்னா, திருநின்றவூர் லோக்கலா?"

நான் சிரிக்கவில்லை. அழுதேன். லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள். நான்கு மாடி. என் முகத்தைப் பார்த்தாய். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டாய்.

"சரி, அழுவாத. வரேன்."

படியெல்லாம் ஆட்கள், இடித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தத் திருப்பத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்துவிட்டாய். "நீ போம்மா, நான் மெதுவா வரேன்" என்றாய். ஆம்புலன்ஸ் வந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. எதுவும் ஆடவில்லை.

போன மாதம் அதே மாதிரி இன்னொரு செய்தி வந்தது. இறங்கலாமா என்று அக்கா குழுவில் கேட்டாள். அரசின் அறிவிப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்படி எதுவும் இல்லை. யாரும் படியில் ஓட வேண்டாம்" என்று எழுதினேன். யாரும் இறங்கவில்லை. நன்றி கூடச் சொன்னார்கள்.

அன்று அந்தக் குடியிருப்பிலேயே நம்பாதவன் நீ ஒருவன்தான், அப்பா. என் அழுகைக்காக இறங்கினாய். நான் அன்று போட்ட மூன்று மணிச் செய்தியை என் தொலைபேசியிலிருந்து அழித்துவிட்டேன். மற்ற வீடுகளின் தொலைபேசிகளில் அது இன்னும் இருக்கும், மேலே என் பெயரோடு.