வலப்பக்கப் பொத்தான்

அண்ணே, நீ என்னை ஏமாற்றித்தான் கல்லூரிக்குப் போனாய்.

இதைச் சந்தேகமாக எழுதவில்லை. சாட்சி என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. உன் ஆள் உயரக் கேம் மெஷினின் வலப்பக்கத்தில், குத்து விடும் பொத்தானுக்கு அடியிலிருந்து நான் கழற்றிய சுவிட்ச் அது. பொத்தானை அழுத்தினால் அதிலுள்ள இரண்டு மெல்லிய தகடுகள் ஒன்றையொன்று தொடும். தொட்டால்தான் திரையில் நிற்பவன் குத்துவான். ஒரு தகட்டின் முகத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் மட்டும் நூலளவு விட்டு. சாதாரணமாக அழுத்தினால் வேலை செய்யாது. ஓங்கி அடித்தால் எப்போதாவது செய்யும். முழுதாக மூடியிருந்தால் நான் அன்றே கண்டுபிடித்திருப்பேன். அது உனக்குத் தெரிந்திருந்தது.

நீ செத்துப்போய் இரண்டு மாதம் கழித்து அண்ணி போன் செய்தார். "தம்பி, பெட்டாலிங் ஜெயா வீட்ட விக்கப் போறேன். அந்தக் கேம் பெட்டிய நீ எடுத்துக்கிறியா? இல்லன்னா பழைய சாமான் லோரிக்காரன்கிட்ட குடுத்துருவேன் லா."

"எடுத்துக்கிறேன் அண்ணி."

"உங்க அண்ணன் யாரையும் தொட விட்டதில்ல. தூசி தட்டக்கூட விடல, தெரியுமா?"

தெரியும். என்னையும் நீ விட்டதில்லை. "பிக்சர் டியூப்ல கரண்டு நிக்கும். ஆள அடிச்சிரும்" என்பாய். மெஷின் கம்போங் மேடானில் என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பழைய டியூப்பைக் கழற்றினேன். நீ சொன்ன பயத்தில் கையுறை போட்டு, ஸ்க்ரூடிரைவரில் கம்பி கட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு தொட்டேன். ஒரு பொறிகூட வரவில்லை. பல ஆண்டுகளாக மின்சாரமே கொடுக்காத பெட்டியில் என்ன நிற்கும்?

டியூப் இருந்த இடத்தில் தட்டைத் திரை வைத்தேன். உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றில் பழைய விளையாட்டுகளை ஏற்றி உள்ளே பொருத்தினேன். கரப்பான் முட்டையைச் சுரண்டினேன், ஊறிப்போன அடிப்பலகையை மாற்றினேன். கடைசியாகப் பொத்தான் பலகையைத் திறந்தேன். எலிப் புழுக்கையும் சிகரெட் சாம்பலும் கலந்த வாடை வந்தது. நாம் விளையாடிய கிள்ளான் கேம் கடையின் வாடை. எனக்குப் பதினேழு வயது திரும்பி வந்தது. அந்த மகிழ்ச்சி பத்து நிமிடம் நீடித்தது.

நினைவிருக்கிறதா? நீ எனக்கு ஒரு வயது மூத்தவன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் முதல் தடவை தேறாமல் மறுபடி எழுதினாய். அதனால் இருவர் முடிவும் ஒரே நாளில் வந்தன. என்னுடையது உன்னுடையதைவிட நல்ல முடிவு. அதைச் சொல்லிக்காட்ட எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் வேறு யாரும் சொல்லவில்லை. எனக்கும் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. நம்மைப்போல லோரி ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள் நல்ல மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு கடிதத்துக்குக் காத்திருப்பது அந்த வட்டாரத்தில் புதிதல்ல. தனியார் கல்லூரிக்கு அனுப்ப அப்பாவால் ஒருவனுக்குத்தான் முடியும். அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒருத்தன் படி, ஒருத்தன் வேலைக்குப் போ. யாருன்னு நீங்களே பேசிக்கங்க." பெற்ற பிள்ளைகளில் ஒருவனை வெட்ட வேண்டும், கத்தியைத் தான் பிடிக்கக்கூடாது. அவ்வளவுதான் அவர் கேட்டது.

நாம் பேசிக்கொள்ளவில்லை. "சண்ட கேம் வைப்போம். மூணு ரவுண்டு. ஜெயிச்சவன் படிக்கட்டும்" என்றாய்.

நான் உடனே ஒப்புக்கொண்டேன். இதையும் எழுதிவிடுகிறேன். அந்த மெஷினில் நீ ஒருநாளும் என்னை ஜெயித்ததில்லை. தோற்க மாட்டேன் என்று தெரிந்துதான் கைகொடுத்தேன். உன்னைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

ஆனால் நீ பள்ளி முடிந்து அந்தக் கடையில் வேலை பார்த்தவன். மெஷின் துடைப்பதும் பொத்தான் மாற்றுவதும் உன் வேலை. சாவி உன் இடுப்பில் தொங்கியது.

கடை மூடும் கடைசி நாளைத்தான் தேர்ந்தெடுத்தாய். மெஷின்கள் மத்தியானம் லோரி ஏற வேண்டும். காலையில் நாம் இருவரும் கடை பாஸும் மட்டும். எப்போதும் இடப்பக்கம் நிற்பவன் நான். அன்று எனக்கு முந்தியே நீ அங்கே போய் நின்றாய், எனக்கு வலப்பக்கம் மிஞ்சியது. "எந்தப் பக்கமா இருந்தா என்ன, நீதானே ஹீரோ" என்று சிரித்தாய்.

முதல் ரவுண்டில் தட்டுத் தடுமாறி ஜெயித்தேன். அடுத்த இரண்டிலும் என் ஆள் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்கினான். பாஸ் பின்னாலிருந்து கேட்டார்: "என்னடா, இன்னிக்குக் கைக்கு லீவா?"

"பட்டன் சரியில்ல பாஸ்."

நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பட்டன் நல்லாத்தான் இருக்கு. உன் கைதான் சரியில்லடா தம்பி."

நான் நம்பினேன். நீ மெஷின் தெரிந்தவன். மேலும் நீ என் அண்ணன்.

நான் தோற்ற பிறகு நீ பாஸிடம் அந்த மெஷினைக் கேட்டாய். "குப்பைக்குத்தானே போகுது, தூக்கிக்க" என்றார். தம்பியோடு விளையாடிய ஞாபகத்துக்காக வைத்துக்கொள்கிறாய் என்று நினைத்தேன். லோரியில் ஏற்றும்போது மேல்பக்கம் நீ பிடித்தாய், கனமான கீழ்ப்பக்கம் நான் பிடித்தேன். எனக்கு எதிரான சாட்சியை நானே சுமந்து உன்னிடம் சேர்த்தேன்.

அடுத்த வாரம் துறைமுகக் கிடங்கில் சேர்ந்தேன். பதின்மூன்று வருடம் ஆகிறது. நீ பொறியியல் படித்தாய், பங்சாரில் ஆபீஸ், பெட்டாலிங் ஜெயாவில் மாடி வீடு. நெரிசலுக்காகக் காரை விட்டு மோட்டார் சைக்கிள் எடுத்தாய். மழைக்குப் பாலத்தடியில் ஒதுங்கி நின்ற உன்னை ஒரு கார் வந்து அடித்தது. சாவு வீட்டில் ஒரு மாமா என் தோளைத் தட்டினார். "குடும்பத்துல ஒருத்தன் முன்னுக்கு வந்தான், அவனும் போயிட்டான்" என்றார். நான் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன்.

செத்தவனைத் திட்டக்கூடாது என்கிறார்கள். நீ உயிரோடு இருந்தபோது திட்ட எனக்குக் காரணம் தெரியாமல் போயிற்று.

அன்றிலிருந்து எதையும் மெதுவாக அழுத்த எனக்கு வராது. லிஃப்ட் பொத்தான், ஏடிஎம், கிடங்கில் பெட்டிகளை ஸ்கேன் செய்யும் கருவி, எல்லாவற்றையும் குத்துவேன். "மெதுவா லா, ஒடஞ்சிரும்" என்று சூப்பர்வைசர் தினமும் கத்துகிறார். நீ எனக்கு விட்டுப்போன சொத்து இதுதான். கை சரியில்லாதவன் இரண்டு மடங்கு ஓங்கி அடிக்க வேண்டும் என்று என் கைக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

நான் உன்னைத் திருடன் என்று முடிவு கட்டி இந்தக் கடிதத்தை இங்கே நிறுத்தியிருக்கலாம். அந்த டேப்பின் முனை விடவில்லை.

வீட்டில் இஸ்திரிப் பெட்டி ஒயரோ அப்பாவின் ரேடியோவோ, எதற்கு டேப் சுற்றினாலும் கடைசி முனையை மட்டும் ஒட்டாமல் மடித்து விடுவாய். அம்மா கேட்டபோது, "பின்னால கழட்டணும்ல" என்றாய். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் இது உன் கை என்று ஒரு நொடியில் தெரிந்தது. இந்த டேப்பின் முனையும் மடித்தே இருக்கிறது. நகத்தால் இழுத்தால் வந்துவிடும்.

பதின்மூன்று வருடம் இந்த மெஷின் உன் கையில் இருந்தது. சாவியும் உன்னிடம் இருந்தது. ஒரு நிமிட வேலை. டேப்பை எடுத்திருந்தால் நான் செத்தாலும் தெரிந்திருக்காது. நீ எடுக்கவில்லை. பிறரையும் திறக்க விடவில்லை.

மற்றப் பொத்தான்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். திரை பளபளவென்று எரிகிறது, இரண்டு ஆட்டக்காரர்களும் எதிரெதிரே நின்று காத்திருக்கிறார்கள். வலப்பக்கத்தில் ஒரு ஓட்டை மட்டும் காலியாக இருக்கிறது.

நான் டேப்பைத் தொடவில்லை. மடித்த முனை அப்படியே நிற்கிறது. எனக்குச் சமாதானம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். மறந்து விட்டாயா, அல்லது நான் பார்க்கட்டும் என்று விட்டாயா? ஒன்றைச் சொல்லு, அண்ணே. ஒன்றை மட்டும் சொல்லு.