உலக்கை பட்ட கணுக்கால்

மாமா,

நேற்று சாயங்காலம் உன் காலில் உலக்கையால் அடித்தது கை தவறி அல்ல. சோற்றைக் கொட்டிவிட்டாள் என்று நம் பெண் தாயம்மாவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாய். “வுடுய்யா, கொயந்த செத்துடும்” என்று கத்தினேன். நீ மறுபடியும் அவளை இழுத்தாய். அடித்தேன்.

விடிந்ததும் கணுக்காலைப் பார்த்தேன். வீங்கிக் கறுத்திருக்கிறது. வெளிப்பக்க எலும்பின் மேல் விரல் வைத்ததும் தூக்கத்திலேயே அலறினாய். வெறும் சுளுக்கு அப்படி நோகாது, எலும்பு முறிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் எட்டு வருஷமாக ஆயா வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரியும்.

காலை ஊன்றாதே. தலையணை மேலேயே இருக்கட்டும். மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறேன். விரல்கள் சில்லிட்டாலோ மரத்துப் போனாலோ கட்டைத் தளர்த்து. உன் அண்ணன் சைதாப்பேட்டை நாட்டு வைத்தியரை அழைத்து வரப் பார்ப்பார். எண்ணெய் போட்டு உருவ விடாதே. கஞ்சி பக்கத்திலேயே இருக்கிறது.

தாயம்மாவை நொச்சிக்குப்பத்தில் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் பத்து மணிக்கு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஜட்கா வண்டியோடு வருவேன். டாக்டரிடம் படியில் விழுந்ததாகச் சொல்லாதே. நான் அடித்தேன் என்று நானே சொல்வேன். எதற்கு என்றும் சொல்வேன்.

தேவானை

தாயம்மா இனி அக்காவிடம்தான் இருப்பாள். கூப்பிடப் போனால் இன்னொரு காலையும் முறிப்பேன்.

இன்னொன்று. புறப்படத் தயாராகி, நெற்றிக் கட்டோடு உன் கால்மாட்டில் நின்று, “நைனாவுக்கு ரொம்ப நோவுதாம்மா?” என்று கேட்டாள்.